போர்வை தைக்கிற அத்தைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அத்தை, சின்னம்மா, ரிட்டையர் ஆன மாமா, யாராகவும் இருக்கலாம். அவருக்குப் பிறந்தநாள் வருகிறது, நீங்கள் நேராக ஜவுளிக்கடைக்குப் போய் "நல்லதா ரெண்டு மீட்டர் குடுங்க" என்று கேட்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலை செய்கிறவர் வீட்டில் குறைவே இல்லாத பொருள் துணிதான். பீரோவில், கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸில் என்று எங்கே திறந்தாலும் துணிதான் கொட்டும். தீர்ந்துபோகிறவை வேறு: ஊசி, நூல், கட்டர் பிளேடு, கண் பார்வை.

முதலில் அவர் கையால் தைக்கிறாரா, மெஷினிலா என்று பாருங்கள். இது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். நேரில் போக முடியாவிட்டால் போன் போட்டு, "அத்தை, இப்ப என்ன தைக்கறீங்க? எது தீர்ந்துபோச்சு?" என்று கேளுங்கள். "எனக்கு எதுக்கு சாமி, ஒண்ணும் வேண்டாம்" என்பதுதான் முதல் பதில், அதை நம்பாதீர்கள். "நல்ல நூலே கிடைக்க மாட்டேங்குது" என்று பேச்சுவாக்கில் ஒன்று விழும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கையால் தைக்கிறவர் என்றால் செலவு குறைவு. பிட்வீன்ஸ் என்று ஒரு குட்டை ஊசி இருக்கிறது, மேல் துணி, பஞ்சு, அடித் துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துப் பொடிப்பொடியாக நூலோட்ட அதுதான் வாகாக இருக்கும். எண் ஏற ஏற ஊசி சின்னதாகும் என்பதால் 12 என்பது ரொம்பப் பொடிசு, பார்வை மங்கியவருக்கு 8 அல்லது 9 போதும். கூடவே விரலில் மாட்டுகிற திம்பிள் ஒன்று, கைத்தையல் நூல்கட்டை நான்கைந்து. நூல் வாங்கும்போது ஒரு விஷயம்: கைத்தையலுக்கென்று மெழுகுப் பூச்சோடு வரும் நூலை மெஷினில் போடக் கூடாது. இரண்டு விதமாகவும் தைக்கிறவர் என்றால் 40 அல்லது 50 எண் காட்டன் நூலே நல்லது. இதில் 40 தடிமன், 50 மெல்லிசு. ஓசூர் பக்கம் தெலுங்கு வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கி 'பொந்த' தைப்பார்களே, அதற்கு இந்தக் குட்டை ஊசி ஆகாது, நீள ஊசிதான் வேண்டும்.

மெஷின்காரருக்கு ஊசி வாங்குவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது வருகிற வீட்டு மெஷின்களின் ஊசித் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின் ஊசிக்குத் தண்டு முழு உருண்டை. ஒன்றில் போடுவது இன்னொன்றில் சேராது. அவர் வைத்திருக்கும் ஊசி பாக்கெட்டை யாரையாவது விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லிக் கடையில் காட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கால் இஞ்ச் ஃபுட் கொடுங்கள், ஃபுட் என்பது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற துண்டு. போர்வைத் துண்டுகளைக் கால் இஞ்ச் விட்டுத்தான் சேர்ப்பார்கள். அதில் அரை நூல் (தையல் நூல் இல்லை, இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல் அளவு) கூடுதலாகப் பிடித்துவிட்டால் இரண்டு துண்டிலுமாக ஒரு தையலுக்கு ஒரு நூல் போய்விடும். ஒரு வரிசையில் பத்துத் துண்டு, ஒன்பது தையல், கணக்குப் போட்டால் ஒரு இஞ்ச்சுக்கு மேல் காணோம். அடுத்த வரிசை சரியான அளவில் நிற்க, இந்த வரிசை குட்டையாக நிற்கும். தைத்துப் பிரித்து அலுத்தவருக்கு அந்தச் சின்ன இரும்புத் துண்டின் அருமை தெரியும். வாக்கிங் ஃபுட் என்று இன்னொன்று உண்டு, மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி மூன்றையும் ஒன்றாக நகர்த்தும், சுருக்கம் விழாது. விலை அதிகம், எல்லா மெஷினிலும் உட்காராது, அதனால் ஃபுட் மாட்டும் இடத்தைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வெட்டுகிற சாமான்களில், வட்ட பிளேடை உருட்டி வெட்டுகிற ரோட்டரி கட்டர்தான் ராஜா. ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் பிளேடு எல்லா வேலைக்கும் ஆகும். ஏற்கெனவே வைத்திருக்கிறார் என்றால் பிளேடு மட்டும் ஒரு பாக்கெட் வாங்குங்கள். விலையைப் பார்த்து மழுங்கிய பிளேடையே அழுத்தி அழுத்தி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கட்டர் புதிதாகக் கொடுப்பதாக இருந்தால் வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கிற மேட்டும் தடிமனான அக்ரிலிக் ஸ்கேலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், தனியாகக் கொடுத்தால் டைனிங் டேபிளில் கோடு விழும். இரண்டிலும் இஞ்ச் அளவு இருக்கட்டும். மேட்டைச் சுருட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். சூட்டில் ஒருமுறை நெளிந்தால் பிறகு தட்டையாவது கஷ்டம். கட்டரே பிடிக்காத பழைய ஆள் என்றால் மீரட் கத்தரி ஒன்று வாங்கலாம். கனமாகத்தான் இருக்கும், ஆனால் சாணை பிடித்துப் பிடித்து வருஷக்கணக்கில் வரும்.

இல்லை, துணிதான் கொடுப்பேன் என்கிறீர்களா? சரி, ஜவுளிக்கடைகள் நிறைந்த பர்கூருக்குப் போங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு வேறு ஊர் தேட வேண்டியதில்லை. பூப்போட்ட துணியை எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளை, சந்தனம், சாம்பல், கருநீலம் என்று பிளெய்ன் நிறங்களில் அரை அரை மீட்டராக எடுங்கள், பூத்துணிகளுக்கு நடுவே போட அதுதான் எப்போதும் பற்றாக்குறை. சுத்தக் காட்டனா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகிவிடும்.

அதைவிட நல்ல யோசனை, அடித் துணிக்கு ஒரு மெத்தென்ற காட்டன் சேலை. 44 இஞ்ச் பன்னா (அகலம்) துணியில் போர்வைக்கு அடி போட எப்படியும் ஒட்டுத்தான் போட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையைப் பாதியாக வெட்டி இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால், 60-க்கு 90 இஞ்ச் சிங்கிள் போர்வைக்குப் போக மிச்சமும் இருக்கும். அடர் சிவப்பு, கருப்பு மட்டும் தவிர்த்துவிடுங்கள், சாயம் இறங்கினால் மொத்த உழைப்பும் போச்சு. கொஞ்சம் விசேஷமாக வேண்டும் என்றால் அரூர் பக்கம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் 'பொர்கை' என்ற பெயரில் எம்பிராய்டரி செய்கிறார்கள். அவர்கள் கைவேலை உள்ள ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் போர்வையின் நடுவில் வைக்கலாம்.

நடுவில் வைக்கிற பஞ்சு ஷீட்டை ஊர் பார்த்து வாங்குங்கள். தளி, தேன்கனிக்கோட்டை குளிருக்குத் தடிமன் சரி. தர்மபுரியில் அதே தடிமனை மார்கழி தாண்டினால் யாரும் போர்த்த மாட்டார்கள், அங்கே மெல்லிசான காட்டன் ஷீட்தான்.

காசே செலவில்லாத பரிசும் உண்டு. தாத்தாவின் காட்டன் சட்டைகள், அம்மாவின் பழைய நூல் சேலை, குழந்தைக்குச் சின்னதாகிப்போன கவுன் இவற்றைத் துவைத்து இஸ்திரி போட்டு முழுசாகக் கொடுங்கள். பாதியாக வெட்டிக் கொடுக்காதீர்கள், எங்கே வெட்டுவது என்று அவருக்குத்தான் தெரியும். இறந்தவர் துணி என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில வீடுகளில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுத்துவிட்டு "இதுல எனக்கு ஒரு போர்வை தைச்சுக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பரிசில்லை, மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அவராகத் தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்துக் குழம்பிப்போனால் கழுத்து வளைகிற எல்இடி டேபிள் லைட் ஒன்று வாங்குங்கள், வெள்ளை வெளிச்சமாக. ஐம்பது வயதைத் தாண்டியவர் கருப்புத் துணியில் கருப்பு நூல் ஓட்டுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு எதுவும் வாங்கத் தோன்றாது.

அப்புறம், ஊசியோ கத்தரியோ கொடுப்பதாக இருந்தால் காலையில் போய்க் கொடுங்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி கைமாறக் கூடாது என்று நினைக்கிற அத்தைகள் இன்னும் இருக்கிறார்கள். பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள், ஃபுட் சேராவிட்டால் மாற்ற வேண்டியிருக்கும்.