நீங்கள் விமானி இல்லை, ஆனாலும் ஸ்டிக் பிடிக்க வேண்டும்: எப்படி?

ராணுவ விமானத்தில் லோட்மாஸ்டராகவோ (சரக்குப் பொறுப்பாளர்) ஃப்ளைட் இன்ஜினியராகவோ நேவிகேட்டராகவோ (வழி கணிப்பவர்) பறக்கிறவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வரும்: ஸ்டிக்கை, அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடியை, வாங்கிக் கொஞ்ச நேரம் நானே ஓட்டிப் பார்த்தால் என்ன? இதைச் சின்னப்பிள்ளை ஆசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1944 பிப்ரவரி 20 அன்று ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்தில் கோ-பைலட் இறந்துவிட்டார், விமானி நினைவிழந்து கிடந்தார். இன்ஜினியராகவும் கன்னராகவும் (துப்பாக்கி இயக்குபவர்) இருந்த ஆர்ச்சிபால்ட் மேத்தீஸும் நேவிகேட்டர் வால்டர் ட்ரூம்பரும் சேர்ந்து அதை இங்கிலாந்து வரை ஓட்டி வந்தார்கள், மற்றவர்களைப் பாராசூட்டில் குதிக்க வைத்தார்கள். உயிரோடு இருந்த விமானியை விட்டுவிட்டுக் குதிக்க மனமில்லாமல் தரையிறக்க முயன்றார்கள், மூன்றாவது முயற்சியில் விமானம் மோதி மூவருமே இறந்துபோனார்கள். அந்த இருவருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள். விமானியாக இல்லாத ஒருவரால் விமானத்தை நேராக, மட்டமாகக் கொண்டுவர முடியும் என்பது இதில் தெரிகிறது, தரையிறக்கம் முற்றிலும் வேறு வேலை என்பதும் தெரிகிறது. எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

முதலில் உங்கள் விமானத்தைப் பாருங்கள். எஃப்-15இ, சுகோய்-30 மாதிரி விமானங்களில் பின் சீட்டிலும் ஸ்டிக், த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இரண்டும் இருக்கின்றன, அதனால் பின்னால் இருப்பவர் கேட்டால் விமானி கொடுப்பது சுலபம். எஃப்-14 பின் சீட்டில் ஸ்டிக்கே கிடையாது, அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே எஃப்-4 ஃபான்டமில்கூட அமெரிக்க விமானப்படை வாங்கியதில் பின்னால் ஸ்டிக் இருந்தது, கடற்படை வாங்கியதில் இல்லை. பெரிய டிரான்ஸ்போர்ட் விமானங்களில் நீங்கள் ஓட்ட வேண்டுமானால் இரண்டு விமானிகளில் ஒருவர் எழுந்து சீட்டைக் கொடுக்க வேண்டும், அதாவது அந்த நேரத்தில் காக்பிட்டில் தகுதியான விமானி ஒரே ஒருவர்தான் கண்ட்ரோலில் இருப்பார். நீங்கள் கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கேட்பதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விதி. கண்ட்ரோல் உள்ள சீட்டில் யார் உட்காரலாம், எந்தக் கட்டத்தில் உட்காரலாம் என்று ஒவ்வொரு படையிலும், ஒவ்வொரு விமான வகைக்கும் எழுத்தில் இருக்கும். அதை நீங்களே தேடிப் படியுங்கள். "போன தடவை அவர் கொடுத்தாரே" என்பது அனுமதி ஆகாது. விதி கூடாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், ஆசைப்பட்டு ஒரு நல்ல ஏர்கிராஃப்ட் கமாண்டரை (விமானத்துக்குப் பொறுப்பான விமானி) சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். விதி கமாண்டரின் முடிவுக்கு விட்டிருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

இந்த விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1994 மார்ச் 23 அன்று ஏரோஃப்ளோட் 593, ஒரு ஏ310 பயணிகள் விமானம். கேப்டன் தன் பிள்ளைகளைச் சீட்டில் உட்கார வைத்தார். மகன் கண்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்ததில் ஆட்டோபைலட் பக்கவாட்டுச் சாய்வைக் கவனிப்பதை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது, மற்றது இயங்கிக்கொண்டே இருந்தது. யாரும் கவனிப்பதற்குள் விமானம் சாய்ந்து விழுந்து 75 பேர் இறந்தார்கள். ஆட்டோபைலட் பாதி பிடித்திருக்க நீங்கள் பாதி பிடிப்பது என்ற நிலையே வரக்கூடாது. கையில் வாங்கினால் ஆட்டோபைலட் முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

சரி, எப்போது கேட்பது? தரையில், பிரீஃபிங்கில், எல்லார் முன்னிலையிலும். பறந்துகொண்டிருக்கும்போது இன்டர்காமில் திடீரென்று கேட்டால் விமானிக்கு மறுக்கச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தில் கிடைக்கும் அனுமதி நல்ல அனுமதி இல்லை. "சார், இன்று திரும்பி வரும் பயணத்தில் வேலைப்பளு குறைவாக இருந்தால், வானிலை தெளிவாக இருந்தால், பத்து நிமிடம் நேராகவும் சில திருப்பங்களும் பறந்து பார்க்கலாமா?" இப்படி எல்லையோடு கேளுங்கள். இந்த மாதிரி கேட்பவரை நம்பலாம் என்று விமானிக்கே தோன்றும். பயணிகள் இருந்தால், ஆபத்தான சரக்கு இருந்தால், ஃபார்மேஷன் (அணியாகப் பறத்தல்), தாழ்வுப் பறத்தல், வானில் எரிபொருள் நிரப்புதல், ஏர்டிராப் (வானிலிருந்து சரக்கோ ஆட்களோ இறக்குதல்) என்று எது இருந்தாலும் கேட்கவே வேண்டாம். டேக்-ஆஃபும் லேண்டிங்கும் பேச்சிலேயே வரக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக 1,000 அடி உயர இடைவெளியில்தான் போகும், அந்த அடுக்கில் உயரம் பிடிக்கும் ஆட்டோபைலட் இயங்குவதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நீண்ட க்ரூஸில் (ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும் கட்டம்) எல்லாரும் சும்மா இருக்கும்போது கேட்டால் கிடைக்கும் என்று நினைப்பீர்கள், ஆனால் அங்கேதான் கையில் ஓட்டக் கொடுக்க மாட்டார்கள். அதற்குக் கீழே, பகல் நேரப் பயிற்சிப் பறத்தல்தான் உங்களுக்கான இடம்.

கண்ட்ரோல் கைமாறுவதை ஒரு சடங்கு மாதிரி அப்படியே செய்யுங்கள். அவர் "கண்ட்ரோல் உங்களிடம்" என்பார், நீங்கள் பிடித்துக்கொண்டு "கண்ட்ரோல் என்னிடம்" என்பீர்கள், அவர் மறுபடியும் "கண்ட்ரோல் உங்களிடம்" என்று சொல்லி, கண்ணாலும் பார்த்து உறுதி செய்வார். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே மூன்று படி. அவர் "என்னிடம்" என்று சொன்ன நொடியில், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். காரணத்தைத் தரையில் வந்து பேசிக்கொள்ளலாம்.

இப்போது கை. புதிதாகப் பிடிக்கிற எல்லாருமே இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்கினால் விமானம் என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியாது. கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். பெரிய விமானம் நீங்கள் அசைத்த உடனே பதில் சொல்லாது, கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். அந்தத் தாமதத்தில் பொறுமை இழந்து இன்னும் கொஞ்சம் அசைத்தால் அது மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும், நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். உயரமானியைத் துரத்தாதீர்கள். வெளியே அடிவானத்தைப் பாருங்கள், அல்லது உள்ளே செயற்கை அடிவானக் கருவியைப் பாருங்கள், மூக்கை ஒரு இடத்தில் வையுங்கள், காத்திருங்கள், பிறகு உயரமானி என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூக்கு நிலைத்ததும் கையில் இருக்கும் பாரத்தை ட்ரிம்மால் (கைப்பிடியில் உணரும் அழுத்தத்தை நீக்கும் சரிப்படுத்தி) எடுத்துவிடுங்கள். ட்ரிம் சரியாக இருந்தால் கையை எடுத்தாலும் விமானம் அங்கேயே இருக்கும்.

கணக்கு பிடிக்கும் என்றால், நேவிகேட்டர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், இந்த மூன்றை மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். மூக்கை 1 டிகிரி மாற்றினால், நிமிடத்துக்கு எத்தனை கடல் மைல் போகிறீர்களோ அத்தனை நூறு அடி ஏறும் அல்லது இறங்கும் வேகம் கிடைக்கும்: 300 நாட் (மணிக்கு 300 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 5 மைல், ஆகவே 1 டிகிரிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 அடி. இந்த ஒரு எண்ணை உணர்ந்தாலே ஏன் விமானிகள் அவ்வளவு சின்ன அசைவாகச் செய்கிறார்கள் என்று புரிந்துவிடும். அடுத்தது, ஏறி வந்து மட்டமாக நிற்க வேண்டுமானால், ஏறும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அடி முன்பே தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 1,000 அடி என்றால் 100 அடி முன்னால். மூன்றாவது, திருப்பத்திலிருந்து நேராக வர, சாய்வு எத்தனை டிகிரியோ அதில் பாதி டிகிரி முன்பே தொடங்குங்கள்: 30 டிகிரி சாய்வு என்றால் வேண்டிய திசைக்கு 15 டிகிரி முன்னால். திருப்பத்தில் மூக்கு தானாகக் கீழே போகும், கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும், சாய்வு 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

ஹெலிகாப்டர்காரர்களுக்கு ஒன்று மட்டும்: ஹோவரை (ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது) முதலில் கேட்காதீர்கள். முன்னோக்கிப் பறக்கும்போது வால் பகுதி ஓரளவு நிலைநிறுத்திக் கொடுக்கும், ஹோவரில் அந்த உதவி கிடையாது, போதாததற்குத் தரையும் மிக அருகிலேயே இருக்கும்.

வானத்தில் கிடைக்கும் பத்து நிமிடத்தை விட சிமுலேட்டரில் கிடைக்கும் ஒரு மணி நேரம் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சிமுலேட்டர் அமர்வில் ஒரு விமானி வராமல் போனால் அந்தச் சீட்டை நிரப்ப ஆள் தேவைப்படும், செக்லிஸ்ட் படிக்க, ரேடியோ பேச. "ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்" என்று அட்டவணை போடுகிறவரிடம் சொல்லி வையுங்கள். பயிற்சி முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அங்கே நீங்கள் லேண்டிங்கூட கேட்கலாம், மோதினாலும் ரீசெட் செய்துவிடலாம். இரண்டு விமானிகளும் செயலிழந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவை க்ரூவாகச் சேர்ந்து ஓட்டிப் பாருங்கள்: ஆட்டோபைலட்டை எப்படி இயக்குவது, ரேடியோவில் எந்த அலைவரிசை, மயங்கியவரை சீட்டிலிருந்து எப்படி இழுப்பது. இழுப்பதுதான் கஷ்டமான பகுதி, அதைப் பழகியவர்கள் மிகக் குறைவு.

லாக்புக் (பறந்த நேரத்தைப் பதியும் ஏடு) பற்றித் தெளிவாக இருங்கள். அமெரிக்காவின் சிவில் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் விதிப்படி, ஒரு விமானத்துக்கு ரேட்டிங் (அதை ஓட்டும் தகுதிச் சான்று) இல்லாதவர் இப்படி ஓட்டிய நேரத்தைப் பைலட்-இன்-கமாண்ட் (பொறுப்பு விமானி) நேரமாக எழுத முடியாது, பயிற்சி நேரமாக எழுத வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஃப்ளைட் இன்ஜினியர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு: ஏர்லைன் விமானி உரிமத்துக்கான மொத்த நேரத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 3 மணி நேர இன்ஜினியர் பணியை 1 மணி நேரமாக, அதிகபட்சம் 500 மணி நேரம் வரை கணக்கில் சேர்க்கலாம். மற்றபடி ஸ்டிக் டைம் அனுபவம்தான், உரிமத்துக்குச் சேராது.

ஆசை அதோடு தீரவில்லை என்றால் உரிமம் எடுப்பதுதான் நேர்வழி. எஃப்ஏஏ பிரைவேட் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், ஐரோப்பாவில் 45. சில படைத்தளங்களில் ஏரோ கிளப்போ கிளைடிங் கிளப்போ இருக்கிறது, வெளியே இருப்பதை விட அங்கே மலிவாக முடியலாம், உங்கள் பணி நேரத்தைப் புரிந்துகொள்ளும் பயிற்றுநர்களும் கிடைப்பார்கள். கிளைடரில் (இன்ஜின் இல்லாத விமானம்) தொடங்கினால் வால் சுக்கானை (ரடர்) காலால் இயக்குவது நன்றாகப் பழகும், இன்ஜின் சத்தம் இல்லாமல் காற்றை உணர்வீர்கள், என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். பணம் கட்டுவதற்கு முன் சிவில் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், படையின் மருத்துவச் சான்று அங்கே தானாகச் செல்லுபடியாகும் என்று நினைக்காதீர்கள். விடுமுறையில் பறப்பதைப் பற்றி யூனிட்டுக்கு எழுத்தில் தெரிவித்து, அடுத்த பணிப் பறத்தலுக்கு முன் எத்தனை மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு அதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.