உம்ஷ்லாங்காவில் வீடு பார்க்கிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "உம்ஷ்லாங்காவில் வீடு எடுக்கலாமா?" என்றுதான். கையில் காசு இருந்தால் தாராளமாக எடுக்கலாம். டர்பன் நகருக்கு வடக்கே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் கடற்கரை ஊர். சிவப்பும் வெள்ளையுமாக 1954இல் கட்டிய கலங்கரை விளக்கம், கரையோர நடைபாதை, கடலைப் பார்த்த அடுக்குமாடிகள், ஒரு காபி விலையில் உள்ளூர்க் கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிடலாமே என்று யோசிக்க வைக்கும் உணவகங்கள் எல்லாம் உண்டு. இவற்றை வீட்டுத் தரகரே படம் போட்டுக் காட்டிவிடுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

முதல் விஷயம், இங்கே நாம் புதியவர்கள் இல்லை. சென்னையிலிருந்து கிளம்பிய 'டுரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள், அதில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இன்று 'கேட்வே' மால் நிற்கிற மேட்டு நிலம் 1990கள் வரை கரும்புக்காடு. பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்பில் சர்க்கரை ஆலையும் தோட்டக் குடியிருப்பும் இருந்தன. அங்கே இப்போது கால்ஃப் மைதானங்களும் காவல் போட்ட பங்களாக்களும் வந்துவிட்டன. அந்தக் காலத்துக் கோயில்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கரும்பை வெட்டியவர்களின் பிள்ளைகள் கீழே கடற்கரையில் குடியிருக்க முடியாமல் இருந்தது. 1950இல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டம் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வசிக்கலாம் என்று பிரித்தது. கடற்கரைக்கும் தனித்தனிப் பலகை வைத்தார்கள். இந்தியர்களுக்கு சாட்ஸ்வர்த், பிறகு ஃபீனிக்ஸ் என்று ஒதுக்கினார்கள். 1990, 91இல்தான் இந்தச் சட்டங்கள் போயின. ஆகவே உங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பக்கத்துப் பெயர்ப்பலகையில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று படித்தால், அந்த முகவரிக்கு அவர்கள் வந்து சேர்ந்த கதை உங்களுடையதைவிட நீளமானது என்பதை நினைவில் வையுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மில் சிலர் வந்த வாரமே "பேர்தான் தமிழ்ப் பேர், ஒரு வார்த்தை தமிழ் வரமாட்டேங்குது" என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது, ஆறாவது தலைமுறை அது. வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். ஆனால் புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள் நம் ஊரைவிட இங்கே அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

உம்ஷ்லாங்கா என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நாலைந்து ஊர்கள் இருக்கின்றன. கடலை ஒட்டிய பழைய பகுதியை 'வில்லேஜ்' என்பார்கள். நடந்தே கடைக்கும் கடற்கரைக்கும் போகலாம், டிசம்பர் விடுமுறையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மேட்டில் இருப்பது 'ரிட்ஜ்'. அலுவலகங்கள், கேட்வே, மருத்துவமனைகள் எல்லாம் அங்கே. தெற்கே லா லூசியா, பெரிய தோட்டமும் பழைய வீடுகளுமாக அமைதியான இடம். வடக்கே சிபாயா, புதிதாக எழும்பும் மாடிகள். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு என் ஓட்டு ரிட்ஜுக்குத்தான். கடல் ஜன்னலில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் வில்லேஜ். ஆனால் உப்புக் காற்று பூட்டு, கீல், ஏசி வெளிப்பெட்டி எதையும் விட்டு வைக்காது. கோடையில் ஈரப்பதம் நம் சென்னைக்குச் சளைத்ததல்ல. அலமாரியில் வைத்த தோல் பெல்ட்டும் பட்டுப் புடவையும் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டம் உள்ள வீடா என்று பார்த்து எடுங்கள்.

வாடகை வீடுகள் பெரும்பாலும் காலியாகத்தான் வரும், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் நீங்கள்தான் வாங்க வேண்டும். குடிபோகும் முன் உரிமையாளர் தரப்பும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பழுதுகளை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அதைச் சடங்காக நினைக்காதீர்கள். குளியலறைச் சுவரில் உப்பிய பெயின்ட் முதல் அடுப்பில் எரியாத தட்டு வரை படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் வட்டி வரும் கணக்கில்தான் இருக்க வேண்டும், போகும்போது வட்டியோடு உங்களுக்கு வர வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தில் தனிநபராகக் கையெழுத்துப் போட்டிருந்தால், 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இடையில் வெளியேற நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

அடுக்குமாடி என்றால் 'பாடி கார்ப்பரேட்' என்று உரிமையாளர் சங்கம் ஒன்று இருக்கும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, ராத்திரி சத்தம் கூடாது, விருந்தாளி கார் எங்கே நிற்கலாம் என்று பக்கம் பக்கமாக விதி வைத்திருப்பார்கள். தாளிக்கிற வாசனைக்கு மட்டும் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மட்டன் கறி வாசனைதான் முதலில் உங்கள் வீட்டுக்கு வரும்.

பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். சாம்பல் உடம்பும் கறுத்த முகமுமாக வெர்வெட் குரங்குகள் இந்த ஊரின் மூத்த குடிகள். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் தோல்தான் மிஞ்சும், சீப்பைத் தூக்கிக்கொண்டு எதிர் மாடி விளிம்பில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தபடியே உரிக்கும். சாப்பாடு வைத்துப் பழக்காமல் இருந்தால் போதும், அவை தம் வழியில் போய்விடும்.

ஆவணங்களில் ஒரு சிக்கல் உண்டு, முன்பே தெரிந்தால் நல்லது. சிம் கார்டுக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், வங்கிக் கணக்குக்கும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் போட வங்கிக் கணக்குக் கேட்பார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, நிறுவனத்திடமிருந்து முகவரி குறிப்பிட்ட கடிதம் ஒன்று முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டை இங்கே 'மெடிக்கல் எய்ட்' என்பார்கள். அது இல்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போனால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். புதிதாகச் சேருபவருக்குப் பொதுவாக 3 மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது சேர்ந்தால் அந்தப் பிரசவத்துக்கு அது கைகொடுக்காமல் போகலாம், கேட்டுத் தெளிவாகிக்கொண்டு சேருங்கள்.

கார் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்துவது கஷ்டம். மினிபஸ் டாக்சிகள் ஓடுகின்றன, ஆனால் தடமும் கை சைகையும் தெரிந்தவர்களுக்குத்தான் அவை. நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச பர்மிட்டும் கொண்டுவாருங்கள், இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். நாலு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்த சந்திப்புகள் நிறைய உண்டு. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். ரோபோ (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) அணைந்திருந்தாலும் இதே முறை. நம் ஊர்க் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் ஊழியர் போடுவார், கண்ணாடியும் துடைப்பார், 5 ராண்ட் கொடுப்பது வழக்கம். கடை வாசலில் மஞ்சளோ பச்சையோ மேலங்கி போட்டுக் காரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அப்படித்தான்.

பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயப்படுவதால் பயனில்லை, பழக்கம்தான் வேண்டும். காரைப் பூட்டியதும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ரிமோட் சிக்னலை மறிக்கும் கருவியோடு ஆட்கள் சுற்றுகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது கைப்பை காலடியில், போன் கண்ணில் படாமல். ஏடிஎம்மில் உதவ வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். இருட்டிய பிறகு நடை, மால் உள்ளேயோ ஆள் நடமாட்டமுள்ள இடத்திலோ மட்டும். பெரும்பாலான வீடுகளில் ஆயுதக் காவல் நிறுவனத்தோடு இணைத்த அலாரம் உண்டு, அதன் எண்ணை முதலில் போனில் சேருங்கள். போலீஸ் 10111, கைபேசியிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112. மற்றபடி காலை நடைபாதையில் எல்லா நிறத்து மக்களும் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். கோடையில் அஞ்சு மணிக்கு முன்பே விடிந்துவிடும், அஞ்சரைக்கெல்லாம் திமிங்கல எலும்பு வடிவில் வளைவு வைத்த பாலம் வரை கூட்டம் இருக்கும்.

கடலில் இறங்குவது வேறு கதை. இந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், சுறாவுக்கும் அது பிடிக்கும். 1957, 58 கோடையில் இந்த மாகாணக் கரையில் வரிசையாக நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, 1964இல் சுறாக் காப்பு வாரியம் தொடங்கினார்கள். அதன் தலைமையகம் இந்த ஊர் மேட்டிலேயே இருக்கிறது. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் வலைகளும் தூண்டில் மிதவைகளும் போட்டிருக்கிறார்கள். அவை முழு வேலி இல்லை, சுறா மேலும் கீழும் சுற்றியும் வரலாம், எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஜூன், ஜூலையில் மத்திச் சாளை கூட்டமாக வரும்போது டால்ஃபின்களும் திமிங்கலங்களும் சிக்காமல் இருக்க வலைகளை எடுத்துவிடுவார்கள், அப்போது குளிக்கத் தடை போடுவதும் உண்டு. அதைவிட அன்றாட ஆபத்து, உள்ளே இழுக்கும் நீரோட்டம். கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், மெரினாவில் கால் நனைத்த தைரியம் இங்கே செல்லாது. இன்னொன்று, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்த பிறகு கடல் நீரின் தரம் காரணமாகக் கரைகளை அடிக்கடி மூடியிருக்கிறார்கள். போகும் முன் மாநகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். மின்வெட்டு 2023இல் உச்சத்தில் இருந்தது, 2024 மார்ச்சுக்குப் பிறகு பெருமளவு நின்றுவிட்டது. தண்ணீர்த் தடைதான் இப்போது தலைவலி. தொட்டி வைத்த கட்டடமா என்று கேட்டு எடுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அதற்கும் சட்டம் உண்டு. தேசியக் குறைந்தபட்சக் கூலி வீட்டு வேலைக்கும் பொருந்தும், மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையிழப்புக் காப்பு நிதியில் பதிய வேண்டும். பெயர் சொல்லி அதட்டுகிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் "சாவுபோனா" (ஜூலு மொழியில் வணக்கம்) சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் வேலைப் பேச்சு. வங்கி, கடை, காவலாளி எல்லோரிடமும் இப்படித்தான்.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஜூனில் வந்தால் பிள்ளை பாதி வகுப்பில் நுழைய வேண்டியிருக்கும், தனியார் பள்ளிகளில் இடத்துக்கு முன்பே எழுதிப் போடுங்கள். ஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோ படித்தாக வேண்டும். ஜூலு எடுக்க வையுங்கள், பிள்ளைக்கு ஊர் கிடைக்கும்.

தமிழ்ச் சங்கம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் கோயிலைக் காட்டுவேன். தைப்பூசக் காவடி பெரிய திருவிழா, சித்திரைப் பௌர்ணமிக்கும் காவடி எடுப்பார்கள். டர்பனின் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளி வாரத்தில்தான் பெருங்கூட்டம். தோட்டக் கூலிகளுக்கு அப்போதுதான் விடுப்புக் கிடைத்தது என்பார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அழைத்தால் போங்கள், சொம்பு எடுத்துப் போங்கள், நின்று வேடிக்கை பார்க்காமல் பந்தி பரிமாறுங்கள். பெரியவர்களை 'ஆன்டி', 'அங்கிள்' என்றுதான் கூப்பிட வேண்டும். பாட்டி வயதில் இருந்தால் 'ஆயா' என்றால் முகம் மலரும். சாயங்காலம் சீட்டுக் கட்டு எடுத்து 'துனி' ஆடுவார்கள். ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. நம் ஊர் 304, 28 சீட்டாட்டம் ஆடியவர்கள் ரெண்டே ஆட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் முதலில் ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சாவ் வாங்கிப் பாருங்கள். கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவார்கள், கரண்டி கேட்காதீர்கள். உருளைக்கிழங்கு கரைகிற பதத்தில் இருக்க வேண்டும், குழம்பு எண்ணெய் மிதந்து சிவப்பாக இருக்க வேண்டும். ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் போனால் விலையும் குறைவு, கறியும் அதிகம்.

ஊரிலிருந்து மூட்டை கட்டும்போது மசாலாவைச் சேர்க்க வேண்டாம், டர்பனில் கிடைக்காத மசாலா இல்லை. உளுந்து, கறிவேப்பிலை, முருங்கை, சேப்பங்கிழங்கு எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் எடுத்து வாருங்கள், அவை கிடைக்காது. கிரைண்டரையும் தைரியமாகக் கொண்டு வரலாம். மின்னழுத்தம் நம் ஊர் அளவுதான். நம் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற அந்தப் பெரிய மூன்று முள் பிளக் இங்கே சுவரில் அப்படியே பொருந்தும். சின்ன முள் பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும், அது எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கும்.