பிறந்த குழந்தையைப் படமெடுக்க ஜன்னல் வெளிச்சம் போதும்

பிறந்த முதல் 2 வாரங்களில் குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். படமெடுக்க அதுவே நல்ல சமயம். பால் குடித்து, ஏப்பம் விட்டு, கண்ணயர்ந்த பிறகு கேமராவை எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நேர்வெயில் விழாத ஜன்னலோரம் படுக்க வையுங்கள். வெளிச்சம் தலைப்பக்கமிருந்து சாய்வாக முகத்தில் இறங்க வேண்டும். கால்பக்கமிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறி முகமே விகாரமாகிவிடும். நான் முதலில் எடுத்த படங்களெல்லாம் அப்படித்தான்! ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம், 1/200 நொடி. அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, எஃப்/2.8 அல்லது எஃப்/4. இருட்டடித்தால் ஐஎஸ்ஓவை, அதாவது படத்தை வெளிச்சமாக்கும் கேமரா அமைப்பை, கூட்டுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. அப்புறம், கன்னத்தில் கைவைத்துத் தவளைபோல் உட்காரும் போஸை முயலவே வேண்டாம். அது ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்திருக்க எடுத்த படங்களைப் பிறகு ஒன்றாக ஒட்டிச் செய்வது. சுருண்ட விரல்களையும் பாதத்தையும் கிட்டே போய் எடுங்கள்.