தேன்கூடு விளக்கு மாட்ட முதலில் ஒரு வாளி வேண்டும்

விளக்கை மாட்டும் முன்னால் அதே இடத்தில் ஒரு வாளியை மாட்டிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் முப்பது வருஷமாக வயர்மேன் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டில் அப்படித்தான் செய்தேன்.

அவர் மகள் பின்லாந்தில், ஹெல்சிங்கியில் இருக்கிறாள். அவள் அனுப்பிய பெட்டியில் வந்தது ஆர்டெக் கம்பெனியின் ஏ331. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1953இல் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்துக்காக வரைந்த விளக்கு. தேன்கூடு என்று பெயர், பார்க்கவும் அப்படியே இருக்கிறது. வளையம் வளையமாகத் தகடு, வளையங்களில் சின்ன ஓட்டைகள். அதன் வழியாக வெளிச்சம் கசியும்.

"தம்பி, ஹால் நடுவுல சிலிங்கோட ஒட்டி மாட்டிடுப்பா" என்றார் டீச்சர். டியூப் லைட் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், வேறெப்படிக் கேட்போம்? ஆனால் இது ஹால் முழுக்க வெளிச்சம் போடுகிற சாமான் இல்லை. மேசைக்கு மேல் தாழ இறங்கி, தட்டையும் முகத்தையும் காட்டினால் போதும்.

அதற்குத்தான் வாளி. டீச்சர் வீட்டு ஸ்டோரில் அவர் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவின காலத்துப் பால்வாளி கிடந்தது. பருமனும் கிட்டத்தட்ட இதேதான். கயிறு கட்டி, வாளியின் அடி மேசைப் பலகைக்கு 65 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி தொங்கவிட்டேன். இரண்டு நாள் அதன் கீழேயே சாப்பிடச் சொன்னேன். எதிரில் உட்காருகிறவர் முகம் மறைகிறதா, சாம்பார் ஊற்ற எழுந்தால் தலையில் இடிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். டீச்சரின் வீட்டுக்காரர் இடித்துக்கொண்டார். 5 சென்டிமீட்டர் ஏற்றினேன், 70இல் சரியாக நின்றது. தீபாவளிக்கு மேசையைச் சுவரோரம் தள்ளுகிற வீடாக இருந்தால் சிலிங்கில் இன்னொரு கொக்கியும் போட்டு வையுங்கள். வயரைத் தூக்கி அதில் மாட்டிவிடலாம், விருந்தாளி மண்டை தப்பிக்கும். காற்றாடிக்கு நேர் கீழே வேண்டாம், ஊஞ்சல் ஆடும்.

சிலிங்கைப் பாருங்கள். பழைய வீடுகளில் அது அஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் துளை போடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஏற்கெனவே இருக்கிற மரச்சட்டத்தில் கொக்கி போட இடம் தேடுங்கள். எந்தச் சிலிங்கானாலும் விளக்கின் பாரத்தைக் கொக்கிதான் தாங்க வேண்டும், வயரை இணைக்கிற கனெக்டர் இல்லை.

கரண்டுக்கு வருவோம். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். டிரான்ஸ்பார்மர் வாங்கச் சொல்லி யாராவது கடையில் தள்ளினால் வாங்காதீர்கள். பின்லாந்து வீடுகளில் சிலிங்கிலேயே விளக்குக்கென்று ஒரு பிளக் உண்டு. வயர் நுனியில் அந்த வெள்ளை பிளக் வந்தால் இங்கே பயன் கிடையாது, கழற்றிவிட வேண்டியதுதான். அவர்களின் பழுப்பு வயர் நம் பழைய சிவப்போடும், நீலம் கறுப்போடும், பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் நம் பச்சையோடும் சேரும். பழைய வீட்டில் சிலிங்குக்குச் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் வந்திருக்கும். விளக்கில் பச்சை மஞ்சள் வயர் இருந்தால் அதை நறுக்கிப் போட்டுவிடாதீர்கள். உலோக உடம்பு, எர்த் வயர் புதிதாக இழுத்தே ஆக வேண்டும். இந்த இணைப்பு வேலை மட்டும் சுருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது மலேசிய எரிசக்தி ஆணையத்தில், பதிந்த வயர்மேனுக்கு உரியது. என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை.

பல்பு ஈ27 திருகு எல்இடி, மஞ்சள் சாயலான 2700 கெல்வின், வெளிச்சம் 800 லூமென் பக்கம். கடைக்காரர் 6500 வெள்ளையைத்தான் முதலில் நீட்டுவார். அதைப் போட்டால் மீன் குழம்பு கிளினிக்கில் வைத்த மாதிரி இருக்கும்.

மழை விட்ட சாயங்காலம் ஈசல் வந்தால் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இறக்கை குவியும். துடைக்க உலர்ந்த மெல்லிய துணி போதும். பொன்னிற வளையத்தைக் கண்டதும் குத்துவிளக்கு ஞாபகத்தில் புளியைக் கரைக்காதீர்கள், அது முலாம். எங்கள் வீட்டுத் தொங்குவிளக்கை ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா புளி போட்டுத் தேய்த்தார். மறுநாள் காலையில் பாதி விளக்கு பல்லிளித்துக்கொண்டு நின்றது. "பித்தளைன்னுதானே சொன்ன?" என்று என்னைத்தான் திட்டினார்.