திமிலைப் பார்த்து வெயில் தாங்கும்னு முடிவு பண்ணாதீங்க

மாடு வாங்குறப்போ நிறைய பேர் பண்ற தப்பு, பெரிய திமில், தொங்குற அலைதாடி இருந்தா எந்த வெயிலும் தாங்கும்னு நினைக்கிறது. 1950கள்லயே ரெட் சிந்திங்கிற திமில் இனக் காளைகளுக்கு ரெண்டையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க (பாவம் அந்தக் காளைங்க), வெயில் தாங்குறதுல பெருசா வித்தியாசமே வரல. திமில் மாட்டோட நிஜ பலம் வேற, வியர்வைச் சுரப்பி பெருசா தோலுக்குக் கிட்டயே இருக்கும், முடி குட்டை, உடம்புக்குள்ள உண்டாகுற சூடும் கம்மி. சூடு கம்மியா இருக்க ஒரு காரணம் பால் கம்மியா கறக்குறது, அத விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க.

அடுத்து, இத்தனை சதவீதம் நாட்டு மாட்டு ரத்தம்னு சொல்ற கணக்கு, அதையும் அப்படியே நம்பாதீங்க. ஜெர்சியும் நாட்டு மாடும் சேர்ந்த முதல் தலைமுறைல எல்லா கன்னும் 50-50 தான், ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கலப்புக்குள்ளயே இணை சேர்த்தா சராசரி அதே 50 தான், ஆனா வெயிலுக்கு உதவுற ஒரு ஜீன் ஒரு கன்னுக்கு ரெண்டு காப்பியும் வந்துடும், இன்னொண்ணுக்கு ஒண்ணு கூட வராது, அதான் ஒரே கொட்டகைல மத்தியானம் ஒண்ணு நிம்மதியா அசை போடுது, பக்கத்துல இருக்கிறது நாக்கைத் தள்ளி இரைக்குது.

கரீபியன் தீவு மாடு செனெபோலைப் பாருங்க. செனகல்ல இருந்து வந்த என்டாமாங்கிற ஆப்பிரிக்க மாட்டு இனத்தோட ரத்தத்தால தான் வெயில் தாங்குதுன்னு ரொம்ப நாளா சொன்னாங்க, ஜீன பிரிச்சுப் பார்த்தா ஆப்பிரிக்கப் பங்கு 1 சதவீதம் கூட இல்ல, கிட்டத்தட்ட 89 சதவீதம் ஐரோப்பிய மாடு! காப்பாத்துறதுல முக்கியமானது ப்ரோலாக்டின் ரிசெப்டர் (ப்ரோலாக்டின்ங்கிற ஹார்மோனோட சிக்னலை வாங்குறது) ஜீன்ல ஒரு மாற்றம், அதனால முடி குட்டையா வழவழன்னு வருது, ஸ்லிக்னு சொல்றாங்க.

தாய்கிட்ட இருந்து மட்டுமே வர்ற தாய்வழி டிஎன்ஏ டெஸ்ட் மட்டும் பார்த்து இனம் சொல்றதும் தப்பு. பிரேசில்ல இருக்கிற நெலோர் மாடு நம்ம ஓங்கோல் வம்சம், ஆனா போனது பெரும்பாலும் காளைங்க, அங்க இருந்த ஐரோப்பிய வம்சப் பசுக்களோட தான் தலைமுறை தலைமுறையா சேர்த்தாங்க, அதனால பாதிக்கு மேல நெலோர் மாடுங்களுக்குத் தாய்வழி ஐரோப்பான்னு காட்டும், ஆனா உடம்பு கிட்டத்தட்ட பூரா திமில் மாடு தான்.

இப்போ இந்த ஸ்லிக் ஜீன் உள்ள ஹோல்ஸ்டீனும் (நிறைய பால் கறக்குற கறுப்பு வெள்ளை ஐரோப்பிய மாடு) வந்துருச்சு. ஒரு காப்பி இருந்தாலே முடி குட்டையாயிடும், ஆனா காளைக்கே ஒரு காப்பி தான்னா கன்னுல பாதிக்குத் தான் போகும், சினை ஊசிக்குக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு காப்பி இருக்கான்னு கேளுங்க.