திங்க்பேட் எக்ஸ்230: மேனேஜ்மென்ட் என்ஜினை முடக்கிக் கோர்பூட் நிறுவும் முறை

2008-க்குப் பின் வந்த இன்டெல் மடிக்கணினிகள் ஏறக்குறைய அனைத்திலும், நாம் நிறுவும் லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ கட்டுப்படாத மற்றொரு சிறு கணினி சிப்செட்டுக்குள் இருக்கிறது. மேனேஜ்மென்ட் என்ஜின் எனப்படும் அது, மின்சாரம் கிடைக்கும் வரை கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கக் கூடியது. அதன் மூலநிரலை இன்டெல் வெளியிடவில்லை. இன்டெல் கையொப்பமிடாத நிரலை அது ஏற்பதுமில்லை. இதன் வழியே கணினியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் ஏஎம்டி (AMT) என்னும் வசதியில், கடவுச்சொல்லுக்கான விடையை வெற்றாக அனுப்பினாலே உள்ளே நுழைய முடிந்த பெரும் ஓட்டை 2017 மே மாதம் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க அரசின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக இந்த என்ஜினை முடக்கும் ஒரு பிட் முன்பே வைக்கப்பட்டிருந்ததை பாசிட்டிவ் டெக்னாலஜீஸ் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஓர் அரசுக்குக் கிடைத்த அந்த உரிமை, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் கட்சிக்காரர்களின் ஆவணங்களை மடிக்கணினியில் சுமந்து செல்லும் வழக்கறிஞருக்கும் உண்டு என்பதே என் உறுதியான கருத்து. அதற்காக, இந்த என்ஜினை முடக்கி, கணினியைத் தொடக்கிவைக்கும் தயாரிப்பாளரின் பயாஸ் நிரலுக்குப் பதிலாகக் கோர்பூட் என்னும் கட்டற்ற நிரலை நிறுவும் முறை இது.

எந்தக் கணினி?

2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230-ஐப் பரிந்துரைக்கிறேன். அடுத்த தலைமுறையில் இன்டெல் கொண்டுவந்த பூட் கார்டு (Boot Guard) என்னும் பூட்டு, அது இயக்கப்பட்ட கணினிகளில் தயாரிப்பாளர் கையொப்பமிடாத பயாஸை ஓடவே விடாது. எக்ஸ்230-இல் அந்தப் பூட்டு இல்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த மாடல், பழைய மடிக்கணினி விற்கும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். அரசு வழங்கிய இலவச மடிக்கணினியில் செய்யலாமா என்று கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. கோர்பூட் ஆதரிக்கும் மதர்போர்டுகளின் பட்டியலில் உங்கள் மாடல் இல்லையென்றால், அதில் கை வைக்காதீர்கள்.

இதனுடன், சிப்பைப் படிக்கவும் எழுதவும் ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி), எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் எஸ்ஓஐசி-8 கிளிப், குட்டையான ஜம்பர் வயர்கள் ஆகியவை வேண்டும். மதுரை டவுன் ஹால் ரோடு பகுதியின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிளிப் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரை (சிப்பில் எழுதும் கருவி)த் தவிர்த்துவிடுங்கள், 3.3 வோல்ட்டில் இயங்கும் சிப்பின் தரவுக் கால்களுக்கு அது 5 வோல்ட் அனுப்புகிறது.

திறப்பதற்கு முன்

லெனோவோவின் கடைசி பயாஸ் புதுப்பிப்பை முதலில் நிறுவிவிடுங்கள். விசைப்பலகையையும் பேட்டரியையும் கவனிக்கும் கன்ட்ரோலரின் நிரல் அதனுடன்தான் வருகிறது. கோர்பூட் ஏறிய பிறகு அதைப் புதுப்பிப்பது கடினம்.

சிப்பைப் படித்தல்

சார்ஜரையும் பேட்டரியையும் அகற்றி, கீழ்ப்பக்கத் திருகுகளைக் கழற்றி, விசைப்பலகையையும் கை வைக்கும் பகுதியையும் எடுத்தால், பாதுகாப்புப் படலத்தின் கீழே இரண்டு சிப்கள் தெரியும். திரைக்கு அருகில் உள்ளது 4 எம்பி. அதில் பயாஸ் இருக்கிறது. டச்பேடுக்கு அருகில் உள்ளது 8 எம்பி. மேனேஜ்மென்ட் என்ஜினின் நிரல் இருப்பது இதில்தான்.

சிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் காட்டும். ராஸ்பெரி பையின் 24-ஆம் பின்னை சிப்பின் 1-ஆம் காலுக்கும், 21-ஐ 2-க்கும், 25-ஐ 4-க்கும், 19-ஐ 5-க்கும், 23-ஐ 6-க்கும், 17-ஐ 8-க்கும் இணையுங்கள். 3, 7 ஆகிய கால்களை விட்டுவிடலாம். பை அணைந்திருக்கும்போதே கிளிப்பை மாட்ட வேண்டும்.

ராஸ்பெரி பையில், சிப்புடன் பேச உதவும் எஸ்பிஐ (SPI) வசதியை இயக்கி, ஃபிளாஷ்ரோம் (flashrom) நிரலால் 512 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் 8 எம்பி சிப்பை இருமுறை தனித்தனிக் கோப்புகளாகப் படித்து, கோப்பின் அடையாள எண்ணைக் கணக்கிடும் ஷா256சம் (sha256sum) கட்டளையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றி மாட்டி மீண்டும் படியுங்கள். 4 எம்பி சிப்புக்கும் இவ்வாறே செய்து, நகல்களை இரண்டு பென் டிரைவ்களில் வையுங்கள். இந்த நகல்கள் கையில் இருந்தால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எழுதும் நடுவில் வந்தாலும் கணினி பாழாகாது. மின்சாரம் வந்ததும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

என்ஜினைக் குறைத்தல்

இரண்டு சிப்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றிச் சோதித்த பிறகு அடுத்ததற்குச் சென்றால்தான், கோளாறு வரும்போது அது எதனால் வந்தது என்று தெரியும்.

நிக்கோலா கோர்னா எழுதிய மீ_கிளீனர் (me_cleaner) என்னும் கட்டற்ற நிரலை, 8 எம்பி நகலின் மீது பெரிய எஸ் (-S) தெரிவுடன் இயக்குங்கள். சுமார் 5 எம்பி இடத்தை அடைத்திருந்த என்ஜின் நிரலில், கணினி எழுந்திருக்கத் தேவையான ஏறத்தாழ 100 கேபி மட்டும் எஞ்சும்; அதுவும் தொடக்க வேலையை முடித்தவுடன் நின்றுவிடுமாறு ஒரு பிட் இடப்படும். அனைத்தையும் அழிக்க ஆசைப்படாதீர்கள். என்ஜின் நிரலே இல்லாவிட்டால், இந்தத் தலைமுறைக் கணினிகள் 30 நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும்.

கிடைத்த கோப்பை 8 எம்பி சிப்பில் எழுதியபின், கழற்றிய பாகங்களை மீண்டும் பொருத்திக் கணினியை இயக்குங்கள். முதல் தடவை திரை எழச் சற்றுத் தாமதமாகலாம். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் முதல் கட்டம் வெற்றி. கோர்பூட்டுடன் வரும் இன்டெல்மீடூல் (intelmetool) நிரலால் என்ஜினின் நிலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

கோர்பூட்

1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மினிச் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கிய திட்டமே 2008 முதல் கோர்பூட். அதன் மூலநிரலை இறக்கி, மெனுகான்ஃபிக் என்னும் அமைப்புத் திரையில் லெனோவோ, எக்ஸ்230, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சீபயாஸ் (SeaBIOS) ஆகியவற்றைத் தெரிவு செய்து, கோர்பூட்டின் கோப்புகள் அடங்கும் பகுதியான சிபிஎஃப்எஸ் (CBFS) அளவு 4 எம்பியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருவாகும் 12 எம்பி கோப்பின் கடைசி 4 எம்பியை மட்டும் வெட்டியெடுத்து, திரைக்கு அருகிலுள்ள சிப்பில் எழுத வேண்டும்.

இதற்குப் பின்னும் கன்ட்ரோலரின் நிரல், பிராசஸரின் மைக்ரோகோடு, எஞ்சிய அந்த 100 கேபி ஆகியவை மூடியவையாகவே இருக்கும். ஆனால் நினைவகத்தைத் தொடங்கிவைக்கும் நிரல் முதல் திரையை எழுப்பும் நிரல் வரை மற்றவற்றை நீங்களே வாசிக்கலாம், திருத்தலாம். லெனோவோ பயாஸ் வைஃபை அட்டைகளுக்கு விதித்திருந்த தடையும் போய்விடுவதால், கட்டற்ற டிரைவரில் ஓடும் ஏதெரோஸ் அட்டையை இனி இதில் பொருத்திக்கொள்ளலாம்.