வட்டக்கானல் பக்கம் ஓடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானலை ஒட்டியிருக்கும் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறை, அதற்கும் கீழே வெள்ளகவி கிராமம், அப்புறம் சரிவு முடிகிற இடத்தில் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி. பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில் மலைப்பாதை ஓட்டத்துக்கு இதைவிட அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மாரத்தான் ஓடிப் பழகியவர்கள் இப்போது இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருப்பதில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்கள் தார்ச்சாலைக் கணக்கையும் கூடவே கொண்டு வந்துவிடுகிறார்கள். கணுக்கால் மடங்குவதும், இருட்டில் மாட்டிக்கொள்வதும், ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

முதல் தவறு, கிலோமீட்டரை வைத்து நேரம் போடுவது. "பத்து கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்" என்று மலையில் சொல்லவே கூடாது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய கணக்கு சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 900 மீட்டர் ஏற்றம் உள்ள 10 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். இது நடப்பவர்களுக்கான கணக்கு என்பது சரி. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் நன்றாக ஓடுகிறவர்களும் நடக்கத்தான் செய்வார்கள். சமதளத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரத்தை ஈரப்பாறையும் மரவேரும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைவு. ராத்திரி பஸ் ஏறி வந்து, காலையில் இறங்கியதும் ஓடத் தொடங்குவது வீண் சிரமம். முதல் நாள் ஏரியைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று ஓடுங்கள், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் வரும். வழக்கமான வேகம் வராது. அதைத் துரத்தவும் வேண்டாம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு. சாதாரணமாக மலை என்றால் முதலில் ஏறுவோம், களைத்தால் இறங்கிவிடுவோம். வட்டக்கானலில் அது தலைகீழ். தொடங்கும் இடம் உச்சியில் இருக்கிறது. காலையில் குளிர், பனிமூட்டம், புதுத் தெம்பு. கால் தானாகவே கீழே ஓடும். வெள்ளகவிப் பக்கம் போய்ச் சேரும்போதுதான் இவ்வளவையும் திரும்ப ஏற வேண்டும் என்பது உறைக்கும்.

இறக்கம் சுலபம் என்பது நுரையீரலுக்கு மட்டும்தான் உண்மை. இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாவது அந்த வேலையில்தான். வலி முழுதாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், ஆனால் பலம் அன்றைக்கே குறைந்துவிடும். அதனால் இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி பிரேக் போட வேண்டாம். பார்வை காலடியில் நிற்காமல் நாலைந்து அடி முன்னால் போகட்டும்.

வெயிலையும் மறந்துவிடுகிறார்கள். 100 மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி கூடும். உச்சியில் இருந்து கும்பக்கரை வரை 1,500 மீட்டருக்கும் மேல் இறக்கம். அப்படியானால் மேலே 15 டிகிரியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு, கீழே உயரத்தால் மட்டுமே 9 டிகிரிக்கு மேல் கூடியிருக்கும். அதற்கு மேல் உச்சிவெயில் வேறு. திரும்பி ஏறுவதாக இருந்தால், கையில் உள்ள நேரத்திலும் தண்ணீரிலும் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். அந்த இடத்தில் கால் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள். கும்பக்கரை வரை இறங்குவது என்றால் அதை ஒருவழிப் பயணமாக வைத்துக்கொண்டு, பெரியகுளத்தில் இருந்து வண்டியில் மேலே வருவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மாதம் பார்க்காமல் வருவதும் உண்டு. ஜூன், ஜூலையைத் தவிர்த்துவிட்டால் மழை தொல்லை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமான மழை. அக்டோபரும் நவம்பரும் இங்கே வழுக்கலும் மண்சரிவும் உள்ள மாதங்கள். பிப்ரவரிக்கு மேல் இன்னொரு ஆபத்து தொடங்கும். புல் காய்ந்து காட்டுத்தீ வரும் காலம் அது. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் மேல்நோக்கிப் பாயும் தீயை எந்த ஓட்டக்காரராலும் முந்த முடியாது.

குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013-இல் இருந்து வனவிலங்கு சரணாலயம். "நான் டிரெக்கிங் போகவில்லை, ஓடத்தானே போகிறேன்" என்கிற வாதம் அங்கே எடுபடாது. டால்பின் நோஸைத் தாண்டிக் கீழே போக நினைத்தால், முந்தைய நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். இணையத்தில் யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் தடம் அனுமதி ஆகாது. அந்தத் தடம் ஆடுமாடு மேய்கிற ஒற்றையடிப் பாதையில் போய் முடியவும் வாய்ப்புண்டு. முடிந்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தடத்தை போனில் முன்பே இறக்கி வைத்தாலும், சரிவுக்குள் சிக்னலை நம்பாதீர்கள். தலையில் மாட்டும் ஹெட்லைட் ஒன்று பையில் இருக்கட்டும்.

காட்டெருமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொடைக்கானலில் அது தெருவுக்குள்ளேயே வந்து நிற்கும், அதனால் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். அது மேயும் நேரமும் நாம் ஓட விரும்பும் நேரமும் ஒன்றுதான்: விடியலும் அந்தியும். பனிமூட்டத்தில், வளைவு திரும்பியதும், சத்தமில்லாமல் ஓடிவரும் மனிதரைப் பார்த்து அது மிரண்டால் விலக இடம் இருக்காது. வளைவுகளுக்கு முன் வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டோ கை தட்டியோ போங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். எதிரில் நின்றால் நீங்களும் நின்று, முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். தலையைத் தாழ்த்தி சீறினால் இன்னும் தள்ளிப் போங்கள், பெரிய மரம் இருந்தால் அதன் பின்னால் ஒதுங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஓடிக் கடப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அரை மணி நேரம் போனால் போகட்டும்.

ஷூ விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. சாலை ஷூவின் தட்டையான அடிப்பாகம் டால்பின் நோஸ் வழியில் வெளியே தெரியும் மரவேர்களில் நிற்காது, பல் வைத்த அடிப்பாகம் வேண்டும். அந்தப் பாறை முனையில் படம் எடுக்க ஓடிப் போகாதீர்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

இந்தப் பாதை யாருக்குச் சொந்தம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பல தலைமுறைகளாக வெள்ளகவி மக்களுக்கு இதுதான் சாலை. அரிசியும் சிலிண்டரும் இதில்தான் இறங்கின, காபியும் மிளகும் பட்டர் ஃப்ரூட்டும் இதில்தான் ஏறின, நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்ததும் இதில்தான். சுமையோடு குதிரை வந்தால் நின்று வழிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள், மூட்டை இடித்தால் பள்ளத்துப் பக்கம் நிற்பவர்தான் விழுவார். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை, ஊர் முழுவதையும் கோயில் இடமாகவே மதிக்கிறார்கள். ஊர் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரத்தை நிறுத்த மனமில்லாமல் ஷூவோடு ஊருக்குள் ஓடிக் கடப்பது பெரிய அவமரியாதை. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, வீட்டில் இருந்தே தண்ணீர்ப் பை கொண்டுவாருங்கள். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லின் கவர்கள் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். ஊரில் டீக்கடை திறந்திருந்தால் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள், மேலே மழை எப்படி, காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரியுங்கள். அன்றைய நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.